சுண்ணாம்பு ஏறிய குழாய்

முதல் தடவை அருணகிரியை உள்ளே தள்ளிக்கொண்டு போனவர்கள், இரண்டு மணி நேரம் கழித்துப் போன காரியம் ஆகாமலே வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது மணிக்கட்டில், இதயக்குழாய்க்கு ஒயர் விட்ட இடத்தில் காற்றடைத்த பிளாஸ்டிக் பட்டை ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். மனைவி சம்பூர்ணத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பலூன் விரியலம்மா" என்றார் இளம் டாக்டர். அவருடைய பச்சைச் சட்டை முதுகில் வியர்வையால் ஒட்டிக்கிடந்தது. "ஒயர் போயிடுச்சு, பலூனும் போச்சு. எவ்வளவு அழுத்தம் குடுத்தும் அடைப்பு எடம் குடுக்கல. குழாய்ச் சுவரு அவ்வளவு கெட்டியா இருக்கு. விரியாத எடத்துல ஸ்டென்ட் வச்சா அது பாதி மடங்கியே நிக்கும். அப்புறம் அதுவே அடைச்சிக்கும். அதனால நிறுத்திட்டோம்."

"அப்ப இன்னா சார் பண்றது?"

"பெரிய டாக்டரம்மா பாப்பாங்க. வேற வழி இருக்கு. அடுத்த புதன்கிழமை வாங்க."

சம்பூர்ணம் தலையாட்டினாள். அடுத்த புதன்கிழமை என்றால் இன்னொரு நாள் லீவு. அதை யாரிடம், எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அப்புறம் வெட்கப்பட்டாள்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஷூ கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறாள். சீவிய தோலின் ஓரத்தில் பசை தடவி, அது காய்வதற்குள் விரலால் மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டி அடுத்த டேபிளுக்குத் தள்ள வேண்டும். நாள் முழுக்க அதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு பிசையும்போதுகூட விரல் நுனியில் பசை தோல்போல ஒட்டியிருக்கும். காலை ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். அதற்குள் கேழ்வரகுக் களி கிண்டி, முருங்கைக்கீரையை வதக்கி, அவருக்கு இன்சுலின் குத்தி, மாத்திரைகளை வேளைக்கு ஒரு கிண்ணமாக எடுத்துவைத்துவிட்டு ஓட வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் பத்து நிமிஷம் கண்ணை மூடுவாள். ஆறு மாதமாக அவளுக்குத் தூக்கம் என்பது அந்தப் பத்து நிமிஷம்தான். ராத்திரியில் அவர் மூச்சு ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று காது கேட்டுக்கொண்டே கிடக்கும்.

அருணகிரிக்கு அவளைவிட எட்டு வயது கூட. முப்பத்தோரு வருஷம் தோல் பதனிடும் டேனரியில் ஈர செக்‌ஷனில் இருந்தவர். உப்பு போட்டு வரும் பச்சைத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கி, மயிர் கழன்றதும் கம்பால் புரட்டி மேலே இழுத்துப்போடுகிற வேலை. தண்ணீரில் ஊறிய ஒரு எருமைத்தோலை இரண்டு பேர் சேர்ந்தாலும் சுலபத்தில் தூக்க முடியாது. அவர் தனியாக இழுப்பார். ஆரம்ப வருஷங்களில் பூட்ஸும் கிடையாது, கையுறையும் கிடையாது. கல்யாணமான புதிதில் அவர் கால்விரல் இடுக்குகளெல்லாம் வெந்துபோய் வெள்ளையாக இருக்கும். சம்பூர்ணம் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். நகங்கள் பாதி தேய்ந்துபோய், அப்புறம் சரியாக வளரவே இல்லை.

புதன்கிழமை டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நரைத்த முடியை இறுக்கி முடிந்திருந்த சின்ன உருவம்.

"இது இதயத்துக்கு முன்பக்கம் போற பெரிய குழாய்ப்பா. குழாய் தெரியறதுக்கு நாங்க இன்னும் மருந்து விடவே இல்ல, அதுக்குள்ள தண்டவாளம் மாதிரி ரெண்டு கோடு தெரியுது பாருங்க. அது சுண்ணாம்பு. குழாயைச் சுத்தி ஓடு கட்டிடுச்சு."

அருணகிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல நாளாக அவர் முகத்தில் இல்லாத ஒரு தெளிவு அப்போது வந்தது.

"சொன்னேன் இல்ல சம்பூர்ணம்? முப்பத்தோரு வருசம் சுண்ணாம்புத் தண்ணில நின்னவன்மா நான். கால் வழியா ஏறிட்டு, நேரா நெஞ்சுக்குப் போய்டுச்சு."

டாக்டரம்மா அவர் கைகளைப் பார்த்தார். ஒரு கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து நகங்களைத் தடவிப் பார்த்தார்.

"இது அந்த வேலையால ஆனது. ஆனா குழாய்ல இருக்கறது அது இல்லப்பா. வெளியில பட்ட சுண்ணாம்பு அங்க போகாது. பதினெட்டு வருஷமா சுகரு. பி.பி. வேற. கிட்னியும் கொஞ்சம் கெட்டிருக்கு. பீடி எத்தன குடிப்பீங்க?"

"இப்ப இல்லம்மா."

"முன்னாடி?"

"ரெண்டு கட்டு."

"எல்லாம் சேர்ந்து உடம்பே உள்ள உண்டாக்கினது இது."

"அப்ப நானே ஏத்திக்கினதுன்றீங்க."

"நான் அப்படிச் சொல்லல."

"இல்லம்மா, அதான் அர்த்தம்." அவர் கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

டாக்டரம்மா மேற்கொண்டு விளக்கினார். பைபாஸ் பண்ண முடியாது. நுரையீரல் தாங்காது, தையல் போடக் குழாயில் நல்ல இடமும் இல்லை. ஆனால் முனையில் வைரத்தூள் பதித்த குமிழ் ஒன்று இருக்கிறது, மிளகைவிடச் சின்னது. அதை ஒயர் மேலேயே உள்ளே விட்டு, நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று சுற்றவைத்தால் சுண்ணாம்பை அரைத்துக்கொண்டு போகும். அரைத்த தூள் ரத்த அணுவைவிட நைசாக இருக்கும், ரத்தத்தோடு போய்விடும். அப்புறம் பலூன் விரியும், ஸ்டென்ட் வைக்கலாம்.

"ஆபத்து இல்லையாம்மா?" என்று கேட்டாள் சம்பூர்ணம்.

"இருக்கு. குழாய்ல ஓட்டை விழலாம். ரத்தம் ஓடறது நின்னு போகலாம். நூறுல ஒண்ணு ரெண்டு பேருக்குக் கெட்டது நடக்குது. ஆனா பண்ணாம விட்டா இந்தக் குழாய் எத்தன நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

ஊருக்குத் திரும்பப் பஸ் ஏறினார்கள். வைகாசி வெயில் தகரத்தை அடுப்பாக்கியிருந்தது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் வெள்ளரிக்காய் விற்கிறவள் கையை உள்ளே நீட்டினாள். சம்பூர்ணம் ஒன்று வாங்கி உப்பு மிளகாய் இல்லாமல் அவரிடம் கொடுத்தாள். அவர் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மாதனூர் தாண்டியதும் சொன்னார்.

"வேணாம்."

"இன்னா வேணாம்?"

"அந்த மிசினு. நானே ஏத்திக்கினதுதான? நானே எடுத்துகினு போறேன்."

 சம்பூர்ணம் தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்தாள். இறங்க வேண்டிய இடம் வந்தபோது அவர்தான் அவளைத் தட்டி எழுப்பினார்.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் அப்படியே போயிற்று. ராணிப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் சோபனா தினமும் போன் போட்டாள். "அப்பாவ எப்படியாவது இட்டுனு போம்மா. நீ இப்படி சும்மா இருந்தா எப்டி?" என்பாள். "எங்கடி சும்மா கீறேன்?" என்று கேட்டுவிட்டுச் சம்பூர்ணம் போனை அடுப்புத் திட்டில் வைத்துவிடுவாள். மகள் குரல் அங்கிருந்தே பேசிக்கொண்டிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வேலை விட்டு வந்தபோது ஜியாவுதீன் பாய் வந்து உட்கார்ந்திருந்தார். டேனரியில் அருணகிரிக்கு மேஸ்திரியாக இருந்தவர். ஒரே வாடையில், ஒரே தொட்டி ஓரத்தில் இருபது வருஷம் சேர்ந்து வெற்றிலை போட்டவர்கள். பாய் டப்பாவில் குஸ்காவும் எண்ணெய் கத்திரிக்காயும் கொண்டுவந்திருந்தார்.

"கறி கொண்டாரலம்மா, நீ திட்டுவேன்னு தெரியும். வெறும் குஸ்காதான். எண்ணெய்கூடக் கம்மியாதான் போட்டுக் குடுத்தா வீட்ல."

"உங்க வீட்டு கம்மி எனக்குத் தெரியாதா பாய்?" என்றாள் சம்பூர்ணம். ஆனாலும் தட்டை எடுத்துவந்தாள். அருணகிரி இரண்டு வாய் தின்றார். மூன்றாவது வாய்க்குள் மூச்சு வாங்கியது. தட்டைக் கீழே வைத்தார்.

"டேய் அருணகிரி, டாக்டரம்மா இன்னா தப்பா சொல்ட்டாங்கன்னு இப்டி முறுக்கிகினு கீற?"

"தப்பா சொல்லல பாய். சரியாதான் சொன்னாங்க. அதான்."

"சுண்ணாம்பு எங்கேந்து வந்தா இன்னாடா? அரைச்சித் தள்றாங்கல்ல?"

அருணகிரி வாயைத் துடைத்துக்கொண்டார். "தொட்டிலேந்து வந்திருந்தா, சரி, பொழப்புக்காக வாங்கிக்கினதுன்னு போய்ட்டிருப்பேன். பொண்ண வளத்தேன், ஊடு கட்டினேன், அதுக்கு ஒடம்பு குடுத்துதுன்னு. இப்ப இன்னாடான்னா பீடி குடிச்சேன், சக்கரைய பாக்கல, அதால வந்துதாம். இத்தன வருசம் ஒழைச்சதுக்கு இதுல பங்கே இல்லையாம். அது எப்டி பாய்?"

பாய் டப்பாவை மூடினார். மழைக்கு முன்னால் வரும் காற்று தூசியையும் பாலாற்றுப் பக்கத்து டேனரி வாடையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்தது. "வர்றேம்மா" என்று எழுந்தவர் வாசலில் சம்பூர்ணத்திடம் மட்டும், "நீ சொன்னாதான் கேப்பான்" என்றார்.

எல்லாரும் அவளிடம்தான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளை. கரண்ட் இல்லை. சம்பூர்ணம் வீட்டுக்குப் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தாள். அருணகிரி குளித்துவிட்டு வந்தார். பாத்ரூமிலிருந்து கட்டில் போட்ட இடம் வரைக்கும் பதினைந்து அடி இருக்கும். நடுவில் தண்ணீர் டிரம் அருகே நின்றார். டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து காற்றை இழுத்தார். மேல்துண்டு தோளிலிருந்து நழுவி ஈரத்தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க முடியவில்லை. மறுபடி இரண்டடி வைத்தார், மறுபடி நின்றார். ஒருவழியாகக் கட்டிலில் போய்ச் சாய்ந்தார்.

சம்பூர்ணம் பிழிந்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது. புடவையைப் பக்கெட்டில் போட்டுவிட்டு வந்து கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன். கோச்சிக்காத."

"சொல்லு."

"பஸ்ல வேணாம்னு சொன்ன பாரு. அப்ப எனக்கு இன்னா இருந்திச்சி தெரியுமா? அப்பாடான்னு இருந்திச்சி யா."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே ஆஸ்பத்திரி இல்ல. சூப்பர்வைசர் கிட்ட நின்னு லீவு கேக்க வேணாம். பெஞ்சில உக்காந்து எவன் எப்ப பேர கூப்டுவான்னு காத்துகினு கெடக்க வேணாம். ஆறு மாசமா ராத்திரி எல்லாம் உன் மூச்ச எண்ணிகினு கீறேன். நின்னுப்போனாலும் போவட்டும், நான் படுத்துத் தூங்கினா போதும்னு தோணிச்சி. நெசமா தோணிச்சி."  அவள் அழவில்லை, அழுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. "இப்ப நீ அங்க நின்ன இல்ல? நான் வந்து புடிக்கல. பாத்துகினே நின்னேன். எனக்கு முடியல யா."

நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.  அப்புறம், "துணிய காயப் போடு மே. வெயில் போய்டப் போவுது" என்றார்.

அவள் போய்த் துணியைக் காயப்போட்டாள். சொல்லியிருக்கக் கூடாது என்று ஒவ்வொரு துணியை உதறும்போதும் நினைத்தாள். சாயங்காலம் இருவரும் சர்க்கரை போடாத டீ குடித்தார்கள். 

மறுநாள் காலை அவள் இன்சுலின் ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் மழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தாடையில் ஒரு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

"எப்ப வரச் சொன்னாங்க?"

"இன்னாத்துக்கு?"

"அந்த அரைக்கிற சக்கரம் விடறதுக்கு."

சம்பூர்ணத்தின் கை நின்றது. "நான் நேத்து சொன்னதுக்காகவா? அது ஏதோ வாய்ல வந்துட்டுது யா…"

"வாய்ல வர்ல. மனசுல இருந்துதான் வந்திச்சி. இருக்கட்டும், அதுல இன்னா தப்பு?" அவர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். "சாவுறது எனக்குப் பெருசில்ல. பாதி செத்து உன் கையில கெடக்கறது பேஜாரு. ரெண்டுல ஒண்ணு ஆவட்டும். குத்து."

தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் மறுபடி அனுமதிச் சீட்டு வாங்கி, நாள் குறிக்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. அன்று காலை சோபனா ராணிப்பேட்டையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். பத்தரை மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது அவர் சம்பூர்ணத்தைப் பார்த்து, "நீ இட்லி துன்னுட்டு வா, போ" என்றார்.

அவள் போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. குப்பம், சித்தூர் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று தெலுங்கில் பேசிக்கொண்டே தயிர்சாதம் சாப்பிட்டது. சோபனா அம்மாவின் விரல் நுனிகளில் காய்ந்திருந்த பசையை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் கையை விட்டுவிட்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு நர்ஸ் கதவைத் திறந்து, "அருணகிரி கூட வந்தவங்க" என்றாள்.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் டாக்டரம்மா நின்றிருந்தார். மேலே கனமான ஈயக் கவசம். நெற்றி வியர்த்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விளக்குகளுக்குக் கீழே நீலத் துணி மூடிய ஒரு மேடு. அதுதான் அருணகிரி.

"அம்மா, பயப்படாதீங்க. மொத பாதி நல்லா அரைச்சிட்டோம். நடுவுல ஒரு தடவ ரத்த ஓட்டம் கம்மியாகி, துடிப்பு ரொம்பக் கொறைஞ்சிடுச்சு. மருந்து குடுத்தோம், திரும்பிடுச்சு. இப்ப பிரச்னை என்னன்னா, ஒரு வளைவுல சுண்ணாம்பு ரொம்ப ஆழமா இருக்கு. அந்த எடத்துல சக்கரத்தை விட்டா ஓட்டை விழுந்துடும்னு எனக்கு பயமா இருக்கு. வேற ஒரு பலூன் இருக்கு. உள்ள போய் அதிர்வு குடுத்து சுண்ணாம்பை வெடிக்க வைக்கும், கிட்னிக் கல்லை உடைக்கிற மாதிரி. அதுக்குத் தனியா கையெழுத்து வேணும்."

சம்பூர்ணம் பேனாவை வாங்கினாள். எழுத்துகள் தாளில் நிற்கவில்லை, நீந்தின.

"அவரு முழிச்சினு கீறாரா?"

"முழிச்சிட்டுதான் இருக்காரு."

"அவரையே கேளுங்கம்மா. அவரு ஒடம்பு. எல்லாத்துக்கும் நானே சொல்லிகினு இருக்க முடியாது."

டாக்டரம்மா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மைக்கில் குனிந்து மெதுவாக எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். நீல மேட்டிலிருந்து பதில் வர நேரமாயிற்று. ஸ்பீக்கரில் கரகரவென்று குரல் கேட்டது.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? எங்க ஊட்டுக்காரிய கேளுங்க."

சோபனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். டாக்டரம்மா முகக்கவசத்துக்குள் சிரித்தாரா என்று தெரியவில்லை. ஆனால் அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. சம்பூர்ணம் தாளைச் சுவரில் வைத்து, தன் பேரைப் புள்ளி விடாமல் முழுசாக எழுதினாள்.

ஒன்றரை மணிக்கு வேலை முடிந்தது. பலூன் விரிந்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். உள்ளே படம் பிடித்துப் பார்த்ததில் அவை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதாக இளம் டாக்டர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கே ஏதோ விட்டுப்போன கணக்கு நேரானதுபோல இருந்தது.

சாயங்காலம் வார்டில் அருணகிரி மகளுக்குக் கதை சொன்னார். "சத்தம் இன்னா சத்தம்ன்ற? டேனரில தோல தேய்க்கிற பஃபிங் மிசினு போட்டா உய்ங்குனு கத்தும் பாரு, அது. தோலு கெட்டியா கீற எடம் வந்தா கொரலு மாறும். இங்கயும் அப்டியே மாறிச்சி. எனக்குக் கேட்டுது. டாக்டரம்மாவும் ஒரே தள்ளா தள்ளல. தொட்டுட்டு எடுத்தாங்க, தொட்டுட்டு எடுத்தாங்க. வேல தெரிஞ்ச கை." தண்ணீரை ஒரு மடக்கு குடித்தார். "எங்கேந்து வந்த சுண்ணாம்போ. அவங்களும் நிமிந்து நின்னு ஒழைச்சாங்க, மூணு மணி நேரம்."

அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு இருவர் மட்டும் போனார்கள். பி.பி. பரவாயில்லை. கிட்னி அப்படியேதான் இருக்கிறது, அதற்குத் தனியாக மருந்து. சுகர் ஜாஸ்தி என்று டாக்டரம்மா திட்டினார். திரும்பும்போது காட்பாடியில் ரயில் கிடைத்தது. ஆம்பூரில் இறங்கியபோது மணி நாலரை. பெட்டிகளிலிருந்து இறங்கிய கூட்டம் முழுக்க நடைபாலத்துப் படிக்கட்டை நோக்கிப் போயிற்று.

"மெதுவா ஏறு" என்றாள் சம்பூர்ணம்.

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படியாகத்தான். ஆனால் நிற்கவில்லை. திருப்பத்தில் நிற்பார் என்று அவள் நினைத்தாள். அங்கேயும் நிற்கவில்லை. பழைய செருப்பின் குதிகால் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. பாலத்து உச்சிக்குப் போன பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் அவளைக் காணோம்.

பாதிப் படிக்கட்டில், மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவர் விறுவிறுவென்று இறங்கிவந்தார். "இன்னா மே? நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணும் வலிக்கல."

"பின்ன இன்னா?"

"கால் வர்ல. கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பையை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஷிப்ட் முடிந்த பெண்கள் கம்பெனிக் கோட்டோடு இரண்டு பக்கமும் ஒதுங்கி ஏறிப் போனார்கள். அவர்களில் ஒருத்தி நின்றாள். சம்பூர்ணத்தோடு மடிப்பு செக்‌ஷனில் இருப்பவள்.

"இன்னாக்கா, வழில உக்காந்துட்ட? எழுந்துக்க, நான் புடிச்சிக்கறேன்."

சம்பூர்ணம் கண்ணைத் திறக்கவில்லை.

"அவ உக்காரட்டும்மா" என்றார் அருணகிரி. "நீ சுத்திகினு போ."